விமர்சகர் நமக்கு எதற்கு?

கலையை ரசிப்பதற்கு நடுவில் ஓர் ஆள் தேவையா என்ற கேள்வியை இலக்கிய வகுப்பில் மாணவிகள் ஆண்டுதோறும் ஏதாவதொரு வடிவில் கேட்டுவிடுகிறார்கள். "கவிதை எனக்குப் பிடித்திருக்கிறது, இல்லையென்றால் பிடிக்கவில்லை. இதில் இன்னொருவர் வந்து சொல்ல என்ன இருக்கிறது?" என்பது அதன் எளிய வடிவம். கொஞ்சம் கோபமான வடிவமும் உண்டு. "எதை ரசிக்க வேண்டும், எதை ரசிக்கக் கூடாது என்று இத்தனை காலம் ஆண்கள்தானே சொல்லிக்கொண்டிருந்தார்கள்? இப்போதாவது எங்களை விட்டுவிடக் கூடாதா?"

இந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். அதற்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. ஆனாலும் விமர்சகரே வேண்டாம் என்ற முடிவுக்கு என்னால் வர முடியவில்லை. ஏன் என்பதைத்தான் இங்கே யோசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில், விமர்சனம் என்ற பெயரில் நமக்கு அறிமுகமாவது என்ன என்று பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் அது 'நயம் பாராட்டுக' என்ற தேர்வு வினாவாக வருகிறது. கேள்வித்தாளில் ஒரு பாடலைக் கொடுத்திருப்பார்கள். பாடலைப் படிப்பதற்கு முன்பே விடை தயாராக இருக்கும். திரண்ட கருத்து, மோனை நயம், எதுகை நயம், இயைபு நயம், அணி நயம், சந்த நயம் என்று தலைப்புகள். யானையையும் வைகையையும் துணைக்கு அழைத்துத் தலைப்புக்கு ஒரு மனப்பாட வரி. முதலெழுத்து ஒன்றி வரும் சொற்களைப் பாடலிலிருந்து பொறுக்கி இட்டு நிரப்பினால் மதிப்பெண் கிடைத்துவிடும். எந்தப் பாடலைக் கொடுத்தாலும் இதே விடை பொருந்தும். அப்படிப் பொருந்துகிற விடையில் அந்தப் பாடலைப் பற்றி ஒன்றுமே இல்லை என்பது மாணவிக்கும் தெரியும், திருத்துகிற ஆசிரியருக்கும் தெரியும். 'பாராட்டுக' என்பது ஏவல் பொருளில் வரும் வியங்கோள் வினை என்பதையும் கவனிக்க வேண்டும். பாராட்டாமல் இருக்கும் உரிமை அந்த வினாவில் கிடையாது. 'இந்தப் பாடல் என்னைத் தொடவில்லை, காரணம் இது' என்று எழுதுகிற சிறுமிக்கு எத்தனை மதிப்பெண் போடுவார்கள்?

பன்னிரண்டு ஆண்டுகள் இப்படிப் பழகிவிட்டுக் கல்லூரிக்கு வருகிறவளுக்கு விமர்சனம் என்றாலே கசப்பதில் வியப்பில்லை. அவள் வேண்டாம் என்று தள்ளுவது இந்த ஏவலைத்தான். விமர்சகர் செய்யக்கூடிய வேறொரு வேலையை அவள் இன்னும் பார்க்கவே இல்லை.

*

அந்த வேறொரு வேலை என்ன? ஸ்காட்லாந்தின் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1757இல் ரசனையின் அளவுகோல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் 'டான் குயிக்ஸாட்' நாவலில் சாஞ்சோ சொல்லும் ஒரு கதையை எடுத்தாள்கிறார். சாஞ்சோவின் உறவினர் இருவரிடம் ஒரு பீப்பாய் மதுவைச் சுவைத்துப் பார்த்துச் சொல்லச் சொல்கிறார்கள். நல்ல மதுதான், ஆனால் லேசாகத் தோல் வாடை அடிக்கிறது என்கிறார் ஒருவர். நல்ல மதுதான், ஆனால் இரும்பு ருசி தட்டுகிறது என்கிறார் மற்றவர். கூடியிருந்தவர்கள் இருவரையும் கேலி செய்கிறார்கள். பீப்பாய் காலியானபோது அதன் அடியில் தோல்வார் கட்டிய பழைய சாவி ஒன்று கிடக்கிறது.

விமர்சகருடைய வேலைக்கு இதைவிடத் தெளிவான உவமை எனக்குக் கிடைக்கவில்லை. அந்த இருவரும் யாரையும் நம்பச் சொல்லவில்லை. தங்கள் நாக்குக்குத் தட்டியதைச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது உண்மையா என்பதற்கு அவர்களுடைய பட்டமோ பதவியோ சாட்சி ஆகவில்லை, பீப்பாய்க்குள் கிடந்த சாவிதான் சாட்சி ஆயிற்று. அந்தச் சாவியை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். நல்ல விமர்சனமும் அப்படித்தான். 'இந்தக் கவிதை உயர்ந்தது' என்ற தீர்ப்பைக் கேட்டு ஒருத்திக்கும் கவிதை பிடித்துவிடாது. பிடித்ததாகச் சொல்லிக்கொள்ள வேண்டுமானால் கற்றுக்கொள்வாள். 'இந்த இடத்தைப் பார், இந்தச் சொல் ஏன் இங்கே வந்தது என்று பார்' என்று ஒருவர் காட்டும்போது, அதுவரை கண்ணில் படாமல் இருந்தது கண்ணில் படுகிறது. பட்ட பிறகு அது அவளுடைய பார்வை. அவள் வேறு முடிவுக்குக்கூட வரலாம்.

நல்ல ரசிகருக்கு வேண்டியவை என்று ஹியூம் சில தகுதிகளைச் சொல்கிறார். நுண்ணுணர்வு, தொடர்ந்த பழக்கம், ஒப்பிட்டுப் பார்க்கும் திறன், முன்முடிவு இல்லாத மனம், நல்லறிவு. பார்ப்பதற்கு யாருக்கும் பொதுவான பட்டியல் போலத் தோன்றும். ஆனால் 'பழக்கம்' என்ற சொல்லில் ஒரு பெண் தடுக்கி நிற்க வேண்டியிருக்கிறது. பழக்கத்துக்கு நேரம் வேண்டும், தனிமை வேண்டும், புத்தகம் வாங்கக் காசு வேண்டும், இரவு ஒன்பது மணிக்குக் கச்சேரியோ நாடகமோ முடிந்து வீடு திரும்பும் சுதந்திரம் வேண்டும். பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு மிஞ்சுகிற அரை மணி நேரத்தில் வாசிக்கிறவளுக்கும், மாலை முழுவதும் நண்பர்களோடு இலக்கியம் பேசித் திரிந்தவருக்கும் பழக்கம் ஒன்றுபோல் வாய்ப்பதில்லை. ரசனை என்பது இயற்கை தந்த வரம் என்று சொல்கிறவர்கள் இந்த நேரக் கணக்கை மறைக்கிறார்கள்.

இதே காரணத்தால்தான் விமர்சகர் பெண்களுக்கு அதிகம் தேவை என்று நினைக்கிறேன். இருபது ஆண்டுகள் ஒரு கலையோடு கிடந்தவர் தான் செலவிட்ட அந்த நேரத்தை, அரை மணி நேரம் மட்டுமே உள்ள இன்னொருத்திக்குக் கொடுக்க முடியும். விமர்சனத்தால் ஆகிற பெரிய உதவி இதுதான். யாருடைய உதவியும் இல்லாமல் ரசித்துக்கொள் என்று சொல்வது கேட்பதற்கு விடுதலை போல இருக்கிறது. நேரமும் நூலகமும் உள்ளவர்களுக்கு மட்டும் கலை என்பதே நடைமுறையில் அதன் பொருள்.

*

பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதைவிட ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். குறுந்தொகையின் 58ஆம் பாடல். எழுதியவர் வெள்ளிவீதியார். வெயில் காய்ச்சுகிற பாறை. அதன்மேல் வைத்த வெண்ணெய். அதற்குக் காவல் கைகளும் இல்லாத, பேச்சும் இல்லாத ஒருவன். அவனிடம் இருப்பது கண் மட்டும். வெண்ணெய் உருகிப் பரவுவதை அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். காதல் நோய் தன்னிடம் பரவுவதும் அப்படித்தான் என்று பாடலில் பேசுகிறவர் சொல்கிறார்.

முதல் வாசிப்பிலேயே உவமை மனதில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு யாருடைய உதவியும் வேண்டாம். இனி, அருகில் இருக்கும் ஒருவர் சில கேள்விகளைக் கேட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். அவனுக்குக் கை ஏன் இல்லை? இருந்தால் எடுத்து நிழலில் வைத்துவிடுவான். பேச்சு ஏன் இல்லை? இருந்தால் யாரையாவது கூப்பிடுவான். அப்படியானால் கண்ணை மட்டும் ஏன் விட்டுவைத்தார் கவிஞர்? குருடனாக இருந்தால் வெண்ணெய் போவது அவனுக்குத் தெரியாமலே போயிருக்கும். ஒன்றும் செய்ய இயலாதவனுக்குப் பார்வை எஞ்சி நிற்பதுதான் கொடுமை. இன்னொன்று, அவன் வழிப்போக்கன் அல்ல, காவலுக்கு வைக்கப்பட்டவன். வெண்ணெய்க்கு அவன் பொறுப்பு. இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போனால், ஓர் உவமை எவ்வளவு கணக்காகச் செதுக்கப்பட்டிருக்கிறது என்று தெரிகிறது.

கடைசியாக ஒரு கேள்வி. பேசுவது யார்? பாடலின் அடியில் உள்ள பழைய குறிப்பு, தன்னைக் கடிந்துகொண்ட தோழனுக்குத் தலைவன் சொன்ன மறுமொழி என்கிறது. பேசுவது ஓர் ஆண். நண்பர்கள் அறிவுரை சொல்லச் சொல்ல உருகிக்கொண்டிருப்பவன் ஆண். அவனுடைய இயலாமையை எழுதியவர் ஒரு பெண். இந்தச் செய்தி தெரிந்ததும் பாடல் இன்னொரு முறை திறந்துகொள்கிறது. கூற்றையும் துறையையும் குறித்து வைத்தவர் யார் என்று பெயர்கூடத் தெரியாது. இரண்டு மூன்று சொற்களில் 'யார், யாரிடம், எப்போது' என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார். விமர்சகர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான். அவருடைய குறிப்போடு உடன்படாமல் வாசிக்கவும் நமக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் எதோடு உடன்படவில்லை என்றே நமக்குத் தெரிந்திருக்காது.

வெள்ளிவீதியாரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த செய்தி வேறு. அவர் கணவனைப் பிரிந்து அவனைத் தேடி அலைந்தவர் என்று புலவர் வரலாறுகள் எழுதின. அதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. அகநானூறு 147ஆம் பாடலில் ஔவையார், வெள்ளிவீதியைப் போலத் தேடிச் செல்வதைப் பற்றிப் பாடுகிறார். வெள்ளிவீதியார் அகநானூறு 45ஆம் பாடலில், காதலனை இழந்து அலைந்த ஆதிமந்தியை நினைக்கிறார். அந்த ஆதிமந்தி பெயரில் குறுந்தொகையில் 31ஆம் பாடல் இருக்கிறது. ஒரு பெண் கவிஞரை இன்னொரு பெண் கவிஞர் நினைவில் வைத்துக்கொண்ட சங்கிலி இது. பெண்களுக்கு இலக்கிய மரபு இல்லை என்று யாராவது சொன்னால் எடுத்துக் காட்ட வேண்டிய சங்கிலி.

ஆனால் இதே சங்கிலியை வைத்து வேறொன்றும் நடந்தது. இவர்கள் தாங்கள் பட்டதைப் பாடினார்கள் என்ற அளவில் வாசிப்பு நின்றுவிட்டது. ஆண் புலவர் பெண் கூற்றில் பாடினால் அது அவருடைய கற்பனைத் திறன். பெண் புலவர் பாடினால் அது அவருடைய வாழ்க்கைக் கதை. ஆணின் குரலில் அவ்வளவு கூர்மையான ஒரு பாடலைச் செய்த வெள்ளிவீதியாருக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கவிதைக்குப் பதிலாகக் கவிஞரின் வாழ்க்கையை வாசிக்கிற விமர்சகர், பீப்பாயை விட்டுவிட்டு அதைச் செய்தவருடைய வீட்டைச் சோதனை போடுகிறார்.

*

இந்தப் பழக்கம் பழங்காலத்தோடு முடியவில்லை. 2000களின் தொடக்கத்தில் சல்மா, மாலதி மைத்ரி, குட்டி ரேவதி, சுகிர்தராணி ஆகியோரின் கவிதைகள் வந்தபோது எழுந்த கூச்சலை மாணவிகள் இப்போது வரலாறாகத்தான் படிக்கிறார்கள். குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு 2002இல் வெளிவந்தது. தலைப்பைக் கேட்டே கொதித்தவர்கள் பலர். சினிமாவுக்குப் பாட்டு எழுதியவர்கள் சிலரும் அந்தக் கண்டனத்தில் சேர்ந்துகொண்டார்கள். பெண்ணுடல் உறுப்புகளைப் பற்றிய பாட்டுகள் அன்றாடம் ஒலித்துக்கொண்டிருந்த ஊரில் அந்தச் சொல்லால் யாருக்கும் அதிர்ச்சி வந்திருக்க முடியாது. சொன்னது யார் என்பதே அதிர்ச்சி. அந்தக் கவிதையைத் திறந்து படித்தவர்களுக்கு அங்கே கிடைத்தது, தன் உடலோடு வளர்ந்து தன்னோடு துக்கமும் படுகிற ஓர் உறுப்பை வியப்போடு பார்க்கும் பெண் மனம். கண்டித்தவர்கள் ஆபாசம் என்ற சாவியைப் பீப்பாயிலிருந்து எடுக்கவில்லை. தங்கள் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்கள்.

இதற்கு நூறாண்டுக்கு முன் சென்னையில் நடந்த ஒரு நிகழ்வு, விமர்சனம் எதுவெல்லாம் ஆக முடியும் என்பதை இன்னும் துலக்கமாகக் காட்டுகிறது. முத்துப்பழனி 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராத்திய அரசர் பிரதாபசிம்மனின் அவையில் இருந்த கணிகை. தெலுங்குக் கவிஞர். அவர் எழுதிய 'ராதிகா சாந்த்வனமு' கிருஷ்ணன் கதைதான். ஆனால் கோணம் வேறு. தான் வளர்த்த இளாவைக் கிருஷ்ணனுக்கு மணம் முடித்துக் கொடுத்துவிட்டுப் பொறாமையிலும் கோபத்திலும் வேகிற ராதை, அவளைச் சமாதானப்படுத்த வேண்டிய நிலைக்கு வருகிற கிருஷ்ணன். நூலின் பெயரே ராதையைத் தணிவித்தல் என்று பொருள்படும். பெண்ணின் வேட்கையும் அவளுடைய கோபமும் கதையின் நடுவில் இருக்கின்றன.

19ஆம் நூற்றாண்டின் பெரும் சீர்திருத்தவாதியான கந்துகூரி வீரேசலிங்கம் இந்த நூலைக் கண்டித்தார். அவர் சாதாரண ஆள் அல்ல. விதவை மறுமணத்துக்கும் பெண் கல்விக்கும் போராடியவர். ஆனால் பெண் காதில் கேட்கவே தகாத பகுதிகளைப் பெண் ஒருத்தி எழுதியிருப்பதையும் அவள் கணிகை என்பதையும் அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பெண்களுக்காகப் பாடுபடுகிறவர்கூட ஒரு பெண்ணின் கவிதையை வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம் என்பதற்கு அவர் எடுத்துக்காட்டு. இதை நமக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

பெங்களூர் நாகரத்தினம்மாள் இங்கேதான் வருகிறார். 1878இல் பிறந்த அவர் தேவதாசி மரபைச் சேர்ந்தவர், இசையில் புகழ்பெற்றவர். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோவில் எழுப்பியவர், அங்கே பெண்களும் பாடுவதற்கு வழி செய்தவர் என்றுதான் தமிழ்நாட்டில் அவரை நினைவில் வைத்திருக்கிறோம். அவர் செய்த இலக்கியப் பணி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. முத்துப்பழனியின் நூல் முன்பே அச்சாகியிருந்தது. அந்தப் பதிப்பில் பகுதிகள் விடுபட்டிருப்பதைச் சுவடியோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார். முழுமையான பதிப்பை 1910இல் வாவிள்ள நிறுவனத்தின் வழியாக வெளியிட்டார்.

அந்தப் பதிப்புக்கு அவர் எழுதிய முன்னுரை மூன்று காரியங்களைச் செய்கிறது. ஒன்று, தனக்கு இந்தக் கவிதை ஏன் பிடித்தது என்கிறார். எத்தனை முறை படித்தாலும் மறுபடி படிக்கத் தூண்டுகிறது, ரசம் நிறைந்தது, எழுதியவர் ஒரு பெண், அதிலும் தன் மரபில் பிறந்தவர் என்கிறார். இரண்டு, வீரேசலிங்கத்தை நேருக்கு நேர் கேட்கிறார். நாணம் பெண்களுக்கு மட்டும்தான் இயல்பா, ஆண்களுக்குக் கிடையாதா? இதைவிட வெளிப்படையாக ஆண்கள் எழுதிய காவியங்களை ஏற்றுக்கொள்கிறவர் இதை மட்டும் ஏன் ஒதுக்குகிறார்? மூன்று, வெட்டப்பட்ட பகுதிகளைத் திரும்ப வைத்துவிட்டார். நீங்களே படித்துப் பாருங்கள் என்கிறார். ரசனை, வாதம், பிரதி மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்கின்றன. இதற்குப் பெயர் விமர்சனம் இல்லையென்றால் வேறு எதற்கு அந்தப் பெயரைக் கொடுப்பது?

1911இல் நூல் ஆபாசம் என்று பிரிட்டிஷ் அரசு நடவடிக்கை எடுத்தது. பிரதிகள் கைப்பற்றப்பட்டன. தடை நீங்கியது 1947இல். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பெண்ணின் வாதம் வெல்லவில்லை. ஆனாலும் இன்று ஒரு மாணவி முத்துப்பழனியை முழுமையாக வாசிக்க முடிகிறதென்றால் அதற்கு அந்தப் பதிப்பு காரணம். கலையை மக்களிடம் கொண்டுசேர்ப்பதில் விமர்சகருக்கு என்ன பங்கு என்று கேட்கும்போது விளக்கம் சொல்வதைத்தான் நாம் நினைக்கிறோம். சில சமயம், வாசிப்பதற்கு அந்தப் படைப்பு இருக்கும்படி பார்த்துக்கொள்வதே அந்தப் பங்கு.

*

அன்பும் தன் எல்லையைத் தாண்டக்கூடும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ரசிகமணி டி.கே.சி. கம்பனை மக்களுக்கு நெருக்கமாக்கியவர். அவருடைய வட்டத்தொட்டியில் ஒரு செய்யுளைத் திரும்பத் திரும்பப் பாடிக் காட்டியே அதன் உயிரைக் காதுக்குள் இறக்குவார் என்று கேட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். இலக்கணக் கூறுகளைப் பட்டியலிடும் வறட்டு வாசிப்புக்கு அது பெரிய மாற்று. அதே டி.கே.சி. தனக்குக் கம்பன் வாக்காகத் தோன்றாத பாடல்களைத் தள்ளினார், சில இடங்களில் சொற்களையும் மாற்றினார். காதல் மிகுந்தபோது, தான் நேசித்த கவியைத் தன் ரசனைக்குத் தக்கபடி திருத்திக்கொண்டார். வழி காட்டுகிறவர் எந்த இடத்தில் விலகி நிற்க வேண்டும் என்ற கேள்வியை அவர் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். பெண் எழுத்தைப் பற்றிப் பெண்ணியவாதிகள் எழுதுகிற மதிப்புரைகளைக் கொஞ்சம் எடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். துணிச்சலான குரல். வலியின் மொழி. உடலரசியல். மௌனத்தை உடைக்கும் எழுத்து. ஆணாதிக்கத்துக்கு எதிரான கலகம். புத்தகத்தின் பெயரையும் கவிஞரின் பெயரையும் மாற்றிவிட்டால் ஒரு மதிப்புரை இன்னொரு புத்தகத்துக்கும் பொருந்திவிடும். நயம் பாராட்டலில் மோனை, எதுகை இருந்த இடத்தில் நாம் வேறு தலைப்புகளை வைத்திருக்கிறோம். படிப்பதற்கு முன்பே தயாராக இருக்கும் விடை என்ற வகையில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. தலைப்பைக் கேட்டே கண்டித்தவர்களும் தலைப்பைக் கேட்டே பாராட்டுகிறவர்களும் கவிதையைத் திறக்கவில்லை என்பதில் ஒன்றுதான்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. வெளியே கல்லோடு நிற்கிறவர்கள் இருக்கும்போது வீட்டுக்குள் குறை பேசலாமா? நாம் சொல்கிற ஒரு குறையை அவர்கள் நூறாக்கி வீச மாட்டார்களா? இந்த அச்சம் பொய்யானதல்ல. எழுதியதற்காக ஒரு பெண் மிரட்டப்படும்போது அவளுடைய உவமை சரியாக அமைந்ததா என்று கேட்டுக்கொண்டிருப்பது மனிதத் தன்மை ஆகாது. அப்போது அவள் பக்கம் நிற்பதுதான் வேலை. ஆனால் எழுதும் உரிமைக்காக நிற்பது ஒன்று, எழுதியதை வாசிப்பது இன்னொன்று. முதலாவதைச் செய்துவிட்டதாலேயே இரண்டாவதும் முடிந்துவிட்டதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். நாகரத்தினம்மாள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பெண் எழுதியது என்பதோடு நிறுத்தாமல், கவிதையாக அது ஏன் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

வை.மு. கோதைநாயகி அம்மாளை எடுத்துக்கொள்வோம். 1901இல் பிறந்து 1960இல் மறைந்தவர். 115 நாவல்கள் எழுதியவர். 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தியவர். அவர் காலத்து இலக்கிய விமர்சகர்களுக்கு அவை ஜனரஞ்சகக் குடும்பக் கதைகள், பேசத் தேவையில்லாதவை. நமக்கு அவர் முன்னோடி, பட்டியலில் முதல் வரிசையில் வைக்க வேண்டியவர். இரண்டு தரப்பிலும் நாவல்கள் வாசிக்கப்படாமலே கிடக்கின்றன. மாதம்தோறும் தொடராக வர வேண்டிய கட்டாயம் அவருடைய அத்தியாயங்களை எப்படி வடிவமைத்தது? தொடக்கத்தில் தான் சொல்லத் தோழி எழுதியதாகச் சொல்லப்படும் ஒருவருடைய உரையாடல்களில் பேச்சின் சாயல் எங்கே தெரிகிறது? கதைப்பெண்களை எவ்வளவு தூரம் வெளியே போக விடுகிறார், எந்த இடத்தில் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக்கொள்கிறார்? இவற்றில் சில கேள்விகளுக்கு வரும் விடை அவருக்குச் சாதகமாக இருக்காது. ஆனாலும் அந்த விடை அவரை எழுத்தாளராக நடத்தும். பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டு நகர்வது சிலைக்கு மாலை போடுவதைப் போன்றது.

அம்பை இதை முன்பே உணர்ந்திருந்தார் என்று நினைக்கிறேன். சி.எஸ். லட்சுமி என்ற பெயரில், தமிழ் இலக்கியத்தில் பெண்கள் பற்றி அவர் எழுதிய ஆங்கில ஆய்வு நூல் 1984இல் வந்தது. பெண் எழுத்தாளர்களை வாசிக்கத் தகுந்தவர்களாக எடுத்துக்கொண்டது. அதே நேரத்தில், பெண்களே பெண்களைப் பற்றிக் கட்டிய பொய்ப் பிம்பங்களையும் விடாமல் கேள்வி கேட்டது. கரிசனமும் கண்டிப்பும் ஒரே வாசிப்பில் இருக்க முடியும் என்பதற்கு நம் மொழிச் சூழலிலேயே சான்று இருக்கிறது.

முதல் தொகுப்பு போட்ட இளம் கவிஞருக்கு மேடையில் கிடைப்பது பெரும்பாலும் சால்வையும் 'துணிச்சல்' என்ற சொல்லும். வீட்டுக்குப் போன பிறகு அவளுக்கு ஒரு சந்தேகம் வரும். பதினேழாம் பக்கத்துக் கவிதையின் கடைசி இரண்டு வரி தேவைதானா என்று எழுதும்போதே தடுமாறியிருப்பாள். அதை யாராவது கவனித்தார்களா? ஒருவரும் கவனிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அந்த வரிகளை வெட்டியிருக்கலாம் என்று ஒருவர் காரணத்தோடு சொல்லியிருந்தால் அவளுக்கு வலித்திருக்கும். ஆனால் தன் கவிதையை ஒருவர் கடைசி வரி வரைக்கும் படித்திருக்கிறார் என்ற செய்தி அதில் இருந்திருக்கும். இரண்டாவது தொகுப்பு எழுதுவதற்கு அந்தச் செய்தி சால்வையைவிட அதிகம் உதவும்.

*

ஆகவே, விமர்சகர் எதற்கு என்று கேட்கும் மாணவிகளிடம் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எந்த விமர்சனத்தைப் படித்தாலும் ஒரு சோதனை வையுங்கள். அந்தப் படைப்பை வாசிக்காமலே இதை எழுதியிருக்க முடியுமா? முடியும் என்றால் ஒதுக்கிவிடுங்கள், அது திட்டாக இருந்தாலும் சரி, புகழாக இருந்தாலும் சரி, உங்களுக்குப் பிடித்த கொள்கையைப் பேசினாலும் சரி. முடியாது என்றால் அவர் காட்டும் இடத்தைப் போய்ப் பாருங்கள். சாவி அங்கே இருக்கிறதா என்று நீங்களே துழாவிப் பாருங்கள். இல்லையென்றால், இல்லை என்று எழுதுங்கள். காரணத்தோடு எழுதினால் அதுவும் விமர்சனம்தான்.

கூடவே இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். உங்களோடு படிக்கிறவளோ, உங்கள் அத்தையோ, அடுத்த தெருவில் தையல் மெஷின் ஓட்டுகிறவளோ ஒரு பாட்டையோ படத்தையோ கதையையோ பார்த்து 'நல்லா இருந்துச்சு' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும்போது, எந்த இடம் என்று கேளுங்கள். அவளுக்குச் சொல்ல வராமல் இருக்கலாம், ஆனால் அவள் பார்த்திருக்கிறாள். பார்த்ததைச் சொல்ல ஒரு சொல் கிடைக்கும் வரை பக்கத்தில் இருங்கள். கிடைத்துவிட்டால், அடுத்த முறை நீங்கள் பார்க்காத இடத்தை அவள் உங்களுக்குக் காட்டுவாள்.